கோட்டுக்கு வெளியே ஒரு வாய்

பெங்களூரு ஃபுட்பாலில் ரெஃப்ரி திட்டு வாங்குவது இந்த விளையாட்டு இங்கே வந்த நாளிலிருந்தே உள்ளதுதான். திட்டுகிற ஆள்தான் மாறிவிட்டார். நான் விசில் பிடித்த காலத்தில் கேலரியில் உட்கார்ந்திருந்தவன் திட்டினான், சில சமயம் ஆடுகிறவனும் திட்டினான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எந்த டர்ஃபுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ விசில் வைத்திருக்கும். கோட்டுக்கு வெளியே, அகாடமி பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நாற்பது வயது மனிதர் ஒருவர் அந்தப் பிள்ளையின் கண்பார்வையைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார்.

எனக்கு வீடு ஜீவனஹள்ளி. அப்பா பக்கத்து சிகரெட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார்; நான் வேறொரு பொதுத்துறை ஆலையில். ரயில் பாதையைத் தாண்டினால் அல்சூர். அங்கேதான் கௌதம்புரா, பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற பேட்டை. கொஞ்சம் நடந்தால் கங்காதர செட்டி ரோட்டில் ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளி மைதானம். அந்தப் பள்ளியை 1873இல் தொடங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்ட்ராக்டரும் அவரேதான். உயர்நீதிமன்றக் கட்டடத்தையும் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் முட்டி உரித்துக்கொண்ட மைதானத்தையும் ஒரே மனிதர் தந்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

1809இல் வெள்ளைக்காரன் இங்கே கண்டோன்மென்ட் போட்டான். பட்டாளத்தோடு வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் ஆட்களும் வந்து தங்கினார்கள். பந்தும் பட்டாளத்தோடு வந்ததுதான். ஆனால் சீக்கிரமே கைமாறிவிட்டது. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் பம்பாய்க்குப் போய் ரோவர்ஸ் கோப்பையை வென்றார்கள். அதை வென்ற முதல் இந்திய அணி அதுதான். மறு வருஷமும் அவர்களே ஜெயித்தார்கள். 1946-47இல் மைசூர் அணி வங்காளத்தை வென்று சந்தோஷ் டிராபியைப் பிடித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், ஜூலை 31 அன்று, பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் எங்கள் சாரங்கபாணி ராமனுடையது. இரண்டு பெனால்டிகளை வீணடித்து 1-2 என்று தோற்றோம். அந்த அணியில் கோல்கீப்பர் வரதராஜ், வஜ்ரவேலு, சண்முகம், தன்ராஜ், அகமது கான் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி அது.

இந்தப் பெயர்களை எங்கள் தெருவில் பெரிசுகள் மந்திரம் மாதிரி சொல்வார்கள். அந்த மேட்ச்சுகளுக்கு விசில் ஊதியவர் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ரெஃப்ரியின் வரலாறே அப்படித்தான்.

ஆட்டத்தின் சட்டத்தை 1863இல் லண்டனில் எழுதியபோது அதில் ரெஃப்ரி என்ற ஆளே கிடையாது. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டியது. பிறகு கிரிக்கெட் மாதிரி பக்கத்துக்கு ஓர் அம்பயர் வந்தார். ஆடுகிறவர்கள் முறையிட்டால் மட்டுமே அவர் வாயைத் திறப்பார். அந்த இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் போவது? அதற்காக 1881 வாக்கில் ரெஃப்ரி சட்டத்துக்குள் நுழைந்தார். நின்றது எங்கே? கோட்டுக்கு வெளியே. 1891இல்தான் அவரை மைதானத்துக்குள் அனுப்பி, அம்பயர்களை வெளியே தள்ளி லைன்ஸ்மேன் ஆக்கினார்கள். பெனால்டி கிக் வந்ததும் அதே வருஷம்தான். தண்டனை கொடுக்கிற அதிகாரமும் அதைக் கொடுக்கவேண்டிய ஆளும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

இந்தக் கதையில் இதுவரை கோச் எங்கே? இல்லை. எங்கள் லீகில் ஒவ்வொரு கிளப்புக்கும் செக்ரெட்டரி என்று ஒருத்தர் இருப்பார். சைக்கிளில் பந்து மூட்டை, எலுமிச்சம்பழம், ஐஸ் கட்டி எல்லாம் கட்டிக்கொண்டு வருவார். பாதி நேரம் வெற்றிலை வாயோடு நிற்பதால் கத்தவும் முடியாது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறந்த பிறகுதான் படித்துச் சான்றிதழ் வாங்கிய கோச் என்கிற தொழில் இந்தியாவில் வேர்பிடித்தது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற ஆலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய காலத்தில் அந்தக் கோச்சுகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் மேட்ச்சின்போது அதிகம் கத்தியதில்லை. கோட்டருகே நின்று ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லலாம் என்று விதியே வெளிப்படையாக அனுமதித்தது 1993இல்தான். கோச் நிற்பதற்கென்று கட்டம் போட்டதும் அப்போதுதான்.

அதற்காக அந்தக் காலம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அசோக் நகர் ஸ்டேடியத்தில் கேலரியிலிருந்து வந்து விழுந்த வார்த்தைகளில் பாதியை என் மனைவியிடம் சொல்லமுடியாது. கல்லும் வந்து விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு கணக்கு இருந்தது. சனிக்கிழமை என்னைத் திட்டிய சென்டர் ஃபார்வர்ட் திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் தட்டோடு நிற்பான். அவன் மாமா எங்கள் தெருவில் டைலர். திட்டு எல்லை மீறினால் செய்தி அன்று ராத்திரியே அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எந்த விதிப்புத்தகத்தையும்விட அந்த டைலருக்கு எங்கள் லீகில் பயம் அதிகம்.

ஆலை அணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அகாடமிகள் வந்தன. மாதக் கட்டணம், யூனிஃபார்ம், வாட்ஸ்அப் குரூப், வேலிக்கு அந்தப் பக்கம் செல்போனில் வீடியோ எடுக்கும் பெற்றோர். கோச்சின் சம்பளம் அந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. தோற்றால் அடுத்த மாதம் நான்கு பிள்ளைகள் வேறு அகாடமிக்குப் போய்விடும். அவர் கத்துவதில் பாதி ரெஃப்ரிக்காகவே இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்பதற்காக. அந்த மனிதரின் வயிற்றுப்பாடு எனக்குப் புரிகிறது. அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் என் தகராறு.

2018இல் அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் கோல்டன் பேபி லீக் ஆரம்பித்தபின், ஆறு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு மேட்ச். அதன் பக்கத்திலேயே தனியார் டோர்னமென்ட்டுகள் பெருகின. அனுபவமுள்ள ரெஃப்ரிகள் பெரியவர்கள் லீகுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் மேட்ச் புதிதாகப் பரீட்சை பாஸ் செய்த பிள்ளைகளிடம் வருகிறது. கிடைக்கும் காசு பெட்ரோலுக்கும் ஒரு பிரியாணிக்கும் சரியாகப் போகும். லைன்ஸ்மேன் கிடையாது, நாலாவது அதிகாரி கிடையாது, தனியாள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கத்துகிற கோச் பல நேரம் அந்தப் பையனுக்கே பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தவராக இருப்பார். நேற்று வரை அவருக்கு இவன் ஷூ லேஸ் கட்டத் தெரியாத சின்னப் பயல். கௌதம்புராப் பையன் ஒருவன் ஆஃப்சைடு கொடுத்தான். டச் லைனிலிருந்து குரல் வந்தது: "டேய், யாருடா உனக்கு விசில் குடுத்தது? நான் குடுத்த பூட்ஸைப் போட்டுக்கினு எனக்கே ஆஃப்சைடா?" பையன் விசிலை வாயிலிருந்து எடுத்து, "சார், ரெண்டாவது ஆள் பின்னாடி இருந்தாரு சார்" என்று விளக்கம் சொன்னான். அதற்கப்புறம் அந்த மேட்ச்சை நடத்தியது கோச்தான். இங்கிலாந்தில் விசில் ஊதுகிற பையன் தனக்குத் தெரியாத ஒருவருக்கு அட்டை காட்டுகிறான். இவன் குருவுக்குக் காட்டவேண்டும்.

அட்டையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃப்ரி. 1962 உலகக் கோப்பையில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த அடிதடி மேட்ச்சுக்கு விசில் ஊதியவர். 1966இல் இங்கிலாந்து-அர்ஜென்டினா மேட்ச்சில் யாரை எச்சரித்தார்கள், யாரை வெளியேற்றினார்கள் என்றே புரியாமல் குழப்பம் ஆனது. அப்புறம் லண்டனில் காரோட்டிக்கொண்டு போகையில் சிக்னல் விளக்கைப் பார்த்து ஆஸ்டனுக்கு மஞ்சள், சிவப்பு யோசனை வந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. ஆனால் ஆட்டக்காரருக்கு மட்டும்தான். கோச்சை வெளியே போகச் சொல்லலாம், கெஞ்சாத குறையாக. அவருக்கும் அட்டை காட்டலாம் என்று விதி வந்தது 2019 ஜூன் 1 முதல். நாற்பத்தொன்பது வருஷ இடைவெளி. அதோடு சேர்ந்து வந்த இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பெஞ்சிலிருந்து கத்தியது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கிற மூத்த கோச்சுக்கே அட்டை. எங்கள் தெரு டைலரின் நியாயம் இப்போதுதான் சட்டப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

ஏன் இவ்வளவு அலட்டல், வெறும் பேச்சுதானே என்று கேட்பவர்களிடம் 2012 டிசம்பரில் ஹாலந்தில் நடந்ததைச் சொல்வேன். ரிச்சர்ட் நியூவென்ஹெய்சன், மகன் ஆடிய அணிக்காகக் கொடி பிடிக்க வந்த தந்தை. மேட்ச் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரை உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். பையன்கள் அந்தத் தைரியத்தைத் தாங்களாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இங்கிலாந்தின் பல மாவட்டங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட ரெஃப்ரிகள் கையில் ஊதா நிறப் பட்டை கட்டுகிறார்கள், இது சின்னப் பிள்ளை, வாயை அடக்கு என்பதற்கு அடையாளமாக. இதை என்னிடம் விசில் பழகும் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தன் சிரித்தான். "அங்கிள், அதைக் கட்டினா யாரைத் திட்டலாம்னு தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுடும்."

நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்று விஷயம். விசிலைப் பார்த்து வாங்கு. உள்ளே உருண்டை உள்ள விசில் எச்சில் பட்டால் மக்கர் பண்ணும், உருண்டை இல்லாதது நம்மைக் கைவிடாது. கோச்சை நோக்கி ஓடாதே, நட. நடந்து போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் பாதி கோபம் இறங்கியிருக்கும், உனக்கு மூச்சு திரும்பியிருக்கும். மூன்றாவதுதான் பெரிய பாடம்: ரிப்போர்ட். எங்கள் பிள்ளைகள் நல்ல வீட்டுப் பிள்ளைகள். "கோச் கெட்ட வார்த்தையில் திட்டினார்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு கமிட்டி என்ன செய்யும்? கோச் வந்து, "கொஞ்சம் சத்தமாப் பேசினேன் சார்" என்பார், முடிந்தது. என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதவேண்டும். தமிழில் சொன்னால் தமிழ் வார்த்தை, கன்னடத்தில் சொன்னால் கன்னட வார்த்தை, எத்தனையாவது நிமிஷம், எங்கே நின்றார், கையால் என்ன காட்டினார். காக்ஸ் டவுன் பெண் ஒருத்தி என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையை எழுதமுடியாமல் கால் மணி நேரம் பேனாவை உருட்டினாள். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எழுது கண்ணு, அவன் வாய் நாறினா உன் கை நாறாது" என்றாள். எழுதினாள். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி ஆனதை அவளுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 2002 உலகக் கோப்பையில் லைனில் நின்ற நம் சங்கர் கோமளீஸ்வரனைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வேலை செய்தது என் மனைவி சொன்னதுதான்.

மேலே நடப்பது கீழே இறங்கும். 2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தயாராகுமுன் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உள்ளே போட்டார். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளா கோச் இவான் வுகொமானோவிச் அணியையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடை, ஐந்து லட்சம் அபராதம். முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். எனக்குத் தெரிந்தது, அதற்கப்புறம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மேட்ச்சிலும் கோச்சுகள் கைகாட்டி அணியை வெளியே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான்கு கோடியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் தனியார் டோர்னமென்ட்டில் அபராதமே கிடையாது. சிவப்பு அட்டை வாங்கிய கோச் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மீதியைத் திட்டுவார். அடுத்த வாரம் வேறொரு டர்ஃபில் அவருக்கு அட்டையும் இல்லை, வரலாறும் இல்லை. நடத்துகிறவருக்கு அந்த அகாடமியின் மூன்று அணிகளும் திரும்ப வரவேண்டும்; ரிப்போர்ட்டை டிராயரில் போட்டுவிடுவார். அதனால் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: ரிப்போர்ட்டை யார் படிப்பது, படித்துவிட்டு என்ன செய்வீர்கள்? பதில் சொல்லாதவருக்குப் பிள்ளை கிடையாது. ஒருவர், "பிள்ளைங்க வேணாம், நீங்களே வாங்க அண்ணே" என்றார். போனேன். வாய்க்குப் பேர்போன ஒரு கோச் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இரண்டு பாதியும் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அந்த மரியாதை எனக்கு ரசிக்கவில்லை.

அடுத்த டோர்னமென்ட்டை நடத்தியவர் அட்டை வாங்கும் கோச் அடுத்த இரண்டு மேட்ச்சுக்கு வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதே கோச் வந்தார். நான் காக்ஸ் டவுன் பெண்ணை அனுப்பினேன், கூடப் போகவில்லை. முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை. ராத்திரி ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். பத்தொன்பதாவது நிமிஷம், டச் லைன், வலது கை, வார்த்தை முழுசாக.