சாவியும் மூளை மின்சாரமும்

ஆரியசாலையில சின்ன வயசுல, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வலிப்பு வந்தா இரும்புச் சாவி எடுத்துட்டு ஓடுவேன். பலனில்லைன்னு தெரியாது. வலிப்புங்கறது மூளையோட மின்சாரம் தாறுமாறாகறது. அந்த அலைகளை 1924-லேயே ஜெர்மனியில ஹான்ஸ் பெர்கர் பதிவு பண்ணிட்டார். அதுதான் இ.இ.ஜி.

1973-ல அமெரிக்காவுல ழாக் விடால், இதே அலைகளால கம்ப்யூட்டரை இயக்கலாமேன்னு எழுதினார். 2004-ல கைகால் அசையாத ஒரு இளைஞர், மூளையில பதிச்ச மின்முனைகளால, நினைச்ச மாத்திரத்துல திரையில கர்சரை நகர்த்தினார்.

எங்க திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுல, மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, இ.இ.ஜி., ஸ்கேன் பார்த்து, இடத்தைக் கண்டுபிடிச்சு ஆபரேஷன் பண்றாங்க. அண்ணன் காலத்துல எங்களுக்குச் சாவிதான் தெரிஞ்சது.

ஊர்ல யாராவது சாவி தேடினா, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.