பாக்கின் சி மேஜர் பிரிலூடும் கொடைக்கானல் மலையும்

சி மேஜர் பிரிலூடு ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750) விசைப்பலகைக்காக எழுதிய சிறு முன்னிசை. 1722ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘வெல் டெம்பர்டு கிளாவியர்’ முதல் தொகுப்பின் முதல் உருப்படி இது. பன்னிரண்டு சுரத்தானங்களையும் ஆதாரமாக வைத்து, மேஜர், மைனர் என 24 சுருதிகளிலும் இத்தொகுப்பில் இசை அமைந்துள்ளது.

மலைக்கு வந்த இசை

மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். அவர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளியே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அங்கு மேற்கத்திய இசையும் இந்திய இசையும் கற்பிக்கப்படுகின்றன.

பழனி மலையின் மூடுபனி பியானோவுக்கு உகந்ததன்று. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். கம்பிகளின் சுருதி விலகும். டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லை. அடிக்கடி சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

நிலையான சுரங்கள்

விசைப்பலகையில் கமகம் வராது. ஆர்மோனியத்தின் மீது சொல்லப்பட்ட முக்கியக் குறையும் இதுவே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தது. ஆனால் சுரம் அசையாமல் நிற்பதால்தான் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளை அடுத்தடுத்து நகர்த்த முடிகிறது. பாக்கின் இசை நிற்பது இந்த அடித்தளத்தில்.

இப்பிரிலூடில் பாடக்கூடிய மெட்டு இல்லை. மொத்தம் 35 பார்கள். முதல் 32 பார்களில் ஒவ்வொன்றிலும் ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு கார்டு, எட்டுச் சுர வரிசையாகப் பிரிந்து இருமுறை ஒலிக்கும். தொடக்கத்தில் சங்கராபரணத்தின் சுரங்களே கேட்கும். ஆறாம் பாரில் பிரதி மத்தியமம் நுழைகிறது. இதனால் ஏற்படும் இழுவிசையே இசையை முன்னே செலுத்துகிறது. 24 முதல் 31 வரை இடக்கையின் அடிச்சுரம் பஞ்சமத்திலேயே நிற்கும். கடைசி நான்கு பார்களில் சட்சமத்தில் அமரும். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடம் எளிதில் புரியும்.

வாசிக்கும் முறை

முதலில் ஒவ்வொரு பாரின் ஐந்து சுரங்களையும் ஒருசேர அழுத்திக் கேட்க வேண்டும். எந்த விரல் நகர்கிறது, எது நிற்கிறது என்பது தெரிந்த பிறகே பிரித்து வாசிக்கலாம். பெடலைக் குறைத்து, இடக்கை விரல்களை எழுதியபடி தாங்கிப் பிடிப்பது நல்லது. ஹார்ப்சிகார்ட் ஒலியைத் தேர்ந்தால், பாக் காலத்துக் கருவியில் விரலின் அழுத்தம் ஒலியளவை மாற்றாது என்பது விளங்கும்.

சில பதிப்புகளில் 36 பார்கள் இருக்கும். 22ஆம் பாருக்குப் பின் உள்ள அந்தக் கூடுதல் பார் பாக் எழுதியதன்று; பிற்காலத்தில் சேர்ந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ, ‘ஆவே மரியா’ மெட்டை இவ்விசையின் மீது அமைத்தபோது அதையும் ஏற்றுக்கொண்டார்.

டிஜிட்டல் பியானோவின் டிரான்ஸ்போஸ் பொத்தான், விரல் மாறாமலே சுருதியை மாற்றித் தரும். பாக்கின் தொகுப்போ 24 சுருதிகளையும் விரலாலும் காதாலும் அறியச் செய்வது. கற்கும் காலத்தில் அப்பொத்தானைத் தொடாதிருப்பதே நன்று.