யார் விலை வைப்பது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் முன்பெல்லாம் பல உதவிகளுக்கான பணத்தை மாநில அரசு நிறுவனங்களுக்கே மொத்தமாகக் கொடுக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பி எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதையும் நிறுவனம்தான் தீர்மானிக்கும். 2013 ஜூலையில் ஜீலாங் வட்டாரத்தில் தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. பணம் அவன் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. காலை ஏழுக்கே குளித்தான். பெரிய விடுதலை அது!

ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் உச்ச விலை வைப்பது, திட்டத்தை நடத்தும் முகமையேதான். விலை குறித்த ஆலோசனையை ஒரு தன்னாட்சி ஆணையத்திடம் விடும்படி 2023 டிசம்பரில் வெளியான திட்டத்தின் மறுஆய்வு அறிக்கை சொன்னது. ஆனாலும் 2025 ஜூலையில் அதே முகமை விக்டோரியாவில் பிசியோதெரபியின் உச்ச விலையை மணிக்கு 193.99 டாலரிலிருந்து 183.99 ஆகக் குறைத்தது; சிகிச்சையாளரின் பயண நேரத்துக்கான கட்டணத்தைப் பாதியாக்கியது. நகரத்துக்கு வெளியே வாழ்பவர்களை இந்தப் பயணக் கட்டணக் குறைப்புதான் அதிகம் பாதிக்கும். பயணக் கட்டணத்தை அரசு முழுதாகத் திருப்பித் தர வேண்டும்.