சுற்றி வருவோருள் ஒன்று: முஸ்லிம் இல்லத்தில் பூனைக்குட்டி

பூனையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் உடனே கூறும் செய்தி ஒன்றுண்டு. நபி (ஸல்) அவர்களின் மேலங்கியின் கைப்பகுதியில் முஅஸ்ஸா என்னும் பூனை உறங்கிக்கொண்டிருந்ததாம். அதன் உறக்கத்தைக் கலைக்க மனமின்றி, அப்பகுதியை வெட்டி விட்டுத் தொழுகைக்கு எழுந்தார்களாம். கேட்க இனிமையான செய்திதான். எனினும், அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகளில் இது காணப்படவில்லை. இதையொத்த நிகழ்ச்சியொன்று ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) மறைந்த ஷைகு அஹ்மத் அர்ரிஃபாஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றில்தான் சொல்லப்படுகிறது. ஆதாரமற்ற செய்தியைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆதாரமுள்ள செய்திகள் பலவுண்டு. அவை நம்மிடம் வேண்டுவதும் இதைவிட மிகுதி.

முதற்சான்று, ஹதீஸ்களை மிகுதியாக அறிவித்த நபித்தோழரின் பெயரிலேயே இருக்கிறது. யமன் நாட்டு தவ்ஸ் குலத்தில் பிறந்து, கைபர் போர் நடந்த ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) மதீனா வந்து சேர்ந்தவர் அபூஹுரைரா (ரலி). 'ஹுரைரா' என்பது பூனைக்குட்டியைக் குறிக்கும் சொல். இப்பெயர் வந்த விதத்தை அவரே விளக்கியதாகத் திர்மிதி தொகுப்பில் ஓர் அறிவிப்பு உள்ளது. தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்துவந்த காலத்தில் அவரிடம் ஒரு சிறு பூனை இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைப்பார். பகலில் தம்முடன் எடுத்துச்சென்று விளையாடுவார். அதைக் கண்டே மக்கள் அவரை இவ்வாறு அழைத்தனர்.

இச்சிறு செய்தியில் ஒரு வளர்ப்பு முறையே அடங்கியிருப்பதை நாம் கவனிப்பதில்லை. மேய்ச்சல் நிலத்தில், இரவு வேளையில், குட்டிக்குத் தரை பாதுகாப்பானதன்று. எனவே உயரத்தில் ஒரு புகலிடம். பகலிலோ தனிமை தவிர்த்து ஒரு மனிதரின் துணை. புதிதாக வீடு வந்த குட்டிக்கு இன்றைய கால்நடை மருத்துவர்கள் முதலில் சொல்வனவும் இவையே. வீடு முழுவதையும் ஒரே நாளில் அதற்குக் காட்டுவது தவறு. சந்தடியற்ற ஓர் அறை, பதுங்கிக்கொள்ள ஓர் அட்டைப்பெட்டி, உணவு, நீர், அவற்றிற்குச் சற்றுத் தொலைவில் மணல் நிரப்பிய தட்டு ஆகியவை போதும். பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் குட்டியை இழுத்து வெளியே எடுக்கலாகாது. அருகில் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தால், அதுவே நம்மை நாடி வரும்.

குட்டியை எப்போது எடுத்துவருவது என்பது அதற்கும் முந்திய வினா. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து அபூதாவூதில் இடம்பெறும் நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளை எடுத்து அதை வருந்தச் செய்தவர் யாரென்று கேட்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு பணித்தார்கள். பூனைக்குட்டிக்கு எட்டு வாரங்களேனும் நிறையும் முன் தாயிடமிருந்து பிரித்தல் கூடாது என்பது இன்றைய அறிவு. தாயின் பாலும், உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடிக் கற்பதும் அதற்கு மாற்றில்லாத் தேவைகள். தாயை இழந்த குட்டியை எடுத்துக் காப்பது வேறு. தாயருகே இருக்கும் குட்டியை அழகு கருதி அள்ளி வருவது வேறு. பசும்பால் ஊற்றினால் போதுமென்பதும் பிழையான எண்ணம். பல குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கையே தரும். பால் மறந்த குட்டிக்குப் புலால் உணவைச் சிறுசிறு அளவில், நாளுக்குப் பலமுறை தருதல் வேண்டும். தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் காலத்தே செய்யப்பட வேண்டியவை.

வீட்டில் தங்கிவிட்ட பூனையின் நிலை என்ன? முவத்தாவிலும் சுனன் நூல்களிலும் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. அபூகதாதா (ரலி) உளூச் செய்ய, அவருடைய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்துவைத்தார். அப்போது ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும்வரை அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார். கப்ஷா வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருவோரில் ஒன்று என்று நபியவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். இந்நபிமொழியில் வரும் சொல்லின் வேர் நம் சிந்தனைக்குரியது. திருக்குர்ஆனின் 24:58ஆம் வசனம், வீட்டினுள் வந்துபோகும் பணியாட்களையும் பருவமடையாச் சிறாரையும் குறித்துப் பேசுகையில் இதே சொல்லை ஆள்கிறது. அவர்களோடு சேர்த்து எண்ணப்படும் உயிர், வீட்டின் அலங்காரப் பொருளாக இருக்க முடியாது. பூனை வாய்வைத்த மீதி நீரைப் பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்களிடையே நுட்பமான கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அதை மக்ரூஹ் என்றார். அவருடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அப்படிக் கருதவில்லை. எனினும், வீட்டில் அதற்குள்ள இடத்தை இவ்வேறுபாடு குறைத்துவிடவில்லை.

இடம் தரப்பட்டது என்பதாலேயே பொறுப்பும் கனக்கிறது. ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானாக இரைதேட விடவும் மறுத்த பெண்ணொருத்தி அதன் பொருட்டு நரகம் புகுந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதை அறிவித்தவர்களுள் அபூஹுரைராவும் ஒருவர். பூனையை வளர்த்தது அவள்மீதான குற்றமன்று. அதன் உரிமையைப் பறித்தபின், அதற்கு ஈடான பொறுப்பை ஏற்காததே குற்றம்.

கெய்ரோ நகர வரலாறு இப்பொறுப்பின் இரு முகங்களையும் காட்டுகிறது. 1260 முதல் 1277 வரை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், நகரின் வடக்கே தாம் எழுப்பிய பள்ளிவாசலின் அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நலனுக்கென விட்டுச்சென்றார். காலப்போக்கில் அத்தோட்டம் பலமுறை கைமாறியது. சிறு நிலவாடகை மட்டுமே எஞ்சியது. இருந்தும், 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் லேன், காழியின் மன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளை அழைத்து உணவிடுவதைப் பதிவுசெய்துள்ளார். ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அறம் அறுபடவில்லை. ஆயின் அதே இடத்தில் அவர் இன்னொன்றையும் குறிக்கிறார்: தம் பூனையைத் தொலைக்க விரும்பிய நகரத்தார் பலர், அதைக் கொண்டுவந்து காழியின் முற்றத்திலேயே விட்டுச்சென்றனராம்.

சுல்தானின் ஈகையைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், இப்பின்பாதியைச் சொல்வதில்லை. நம் ஊர்களில் காழியின் முற்றம் இல்லை. விடுமுறையில் பிள்ளைகளின் ஆசைக்காக எடுத்துவந்த குட்டி, அவர்கள் பள்ளிக்குத் திரும்பியதும் சாக்குப்பையில் கட்டப்பட்டு, மீன்சந்தை ஓரத்தில் விடப்படுகிறது. அங்கே இரை கிடைக்கும் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். வீட்டுக் கைகளில் உண்டு பழகிய குட்டிக்கு, அங்குள்ள நாய்களிடமிருந்தும் வாகனங்களிடமிருந்தும் தப்பும் வழி தெரியாது.

ஆகவே, குட்டியொன்றைக் கையில் ஏந்தும் முன் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. நன்கு பேணப்படும் பூனை பதினைந்து ஆண்டுகளும் வாழும். நாம் ஊர் செல்லும் நாளில் அதற்கு உணவிடுபவர் யார்? நோயுற்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்வது யார்? பிள்ளையின் ஆர்வம் தணிந்தபின் அதைக் கவனிப்பது யார்? இவற்றிற்கு விடை கிடைத்தபின் எடுத்துவருவோம். எடுத்துவந்தால் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அபூகதாதா சாய்த்த பாத்திரம், பூனை குடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.