தண்டவாளம் தந்த தடம்

ஏரவாடாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இருப்புப்பாதை அயலானதன்று. பிழைப்பை நாடிப் புனே வந்த நம் முன்னோர் பலரை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது புகைவண்டியே. ஆதலின், வண்டி நின்றுபோன பாதையொன்று மக்கள் முயற்சியால் மறுவாழ்வு பெற்ற வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

இவ்வெண்ணம் முதலில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். சிகாகோ நகரையொட்டி ஓடிய மின்தொடர்வண்டி 1957இல் பயணிகளைக் கைவிட்டது. 1963இல் மே வாட்ஸ் என்னும் இயற்கை ஆர்வலர், அப்பாதையை நடைவழியாக்குக என்று நாளிதழுக்கு மடல் எழுதினார். தன்னார்வலர் திரண்டனர், சங்கம் அமைத்தனர், புதர் நீக்கி வழி சமைத்தனர். அதுவே இல்லினாய்ப் புல்வெளிப் பாதை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று சிங்கப்பூரில் உள்ளது. தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதையின் நீளம் சுமார் 24 கிலோமீட்டர். மலாயா இருப்புப்பாதைகளை அமைப்பதிலும் பேணுவதிலும் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர். குவீன்ஸ்வே அருகே பாதையோரத்தில் இரயில்வேத் தொழிலாளர் முனீசுவரனுக்கு எழுப்பிய சிறு கோவில் அதற்குச் சான்று. பின்னர் இடம்பெயர்ந்த அக்கோவில், இன்று காமன்வெல்த் டிரைவில் வழிபாட்டிடமாக விளங்குகிறது.

1965இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னும் அப்பாதை மலேசிய இரயில்வேயின் வசமே இருந்தது. 2010இல் உடன்பாடு கனிந்தது. 2011 சூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

இடநெருக்கடி மிக்க தீவில் அந்நிலத்தைக் கட்டடங்கள் விழுங்கியிருத்தல் கூடும். ஆயின், இயற்கைக் கழகத்தார் 2010லேயே, அதனைத் துண்டாக்காது பசுமை வழியாகக் காக்க வேண்டுமென முன்மொழிந்தனர். குடிமக்கள் பலர் துணை நின்றனர், அரசும் செவிசாய்த்தது. தண்டவாளங்களிற் பெரும்பகுதி அகற்றப்பட்டது. புக்கித் தீமாவின் இரும்புப் பாலங்கள் காக்கப்பட்டன. புகைவண்டி செங்குத்தாக ஏறமாட்டாது. ஆதலின் அதன் தடம் முதியோரும் குழந்தைகளும் நடப்பதற்கு ஏற்ற மென்சரிவாய் அமைந்துள்ளது.

நம் அண்டையிலும் கைவிடப்பட்ட தடமொன்று உண்டு. 1863இல் திறக்கப்பட்ட போர் மலைக்கணவாய்ப் பாதையில், கண்டாலாவை அடுத்து, வண்டி நின்று எதிர்த்திசையில் திரும்பிச் செல்லும் நிலையம் ஒன்றிருந்தது. 1929இல் புதுப்பாதை அமைந்ததும் அது வழக்கொழிந்தது. அம்மலையைக் குடைந்தோருள் நோயாலும் விபத்தாலும் மாண்டோர் பல்லாயிரவர். அவர்தம் பெயர்களை இன்று யார் அறிவார்?

தடம் தானே நிலைப்பதில்லை. நடப்பார் இல்லையேல் புல் மூடிவிடும். புலம்பெயர்ந்தோர் வீட்டில் தாய்மொழியும் அத்தகையதன்றோ? அடுத்தமுறை கண்டாலாவைக் கடந்து மும்பை செல்லும்போது, சாளரத்தின் வழியே அம்மலையைக் காட்டி, அதனைக் குடைந்த கைகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கூறுவோமாக. பேணும் பணி அங்கிருந்தே தொடங்கட்டும்.