ஈயில் ஏறிய பாரம்

தூண்டில் முனையில் கட்டிய பாரமே நூலை இழுத்துக்கொண்டு போகும் என்பது மீன் பிடிப்போர் எல்லாரும் அறிந்த பொதுவிதி. ஆனால், தென் இங்கிலாந்தில் சுண்ணப் பாறைகளினின்றும் ஊறித் தெளிந்து ஓடும் டெஸ்ட், இட்சென், ஏவன் முதலிய நதிகளில் டிரவுட் மீனை நாடியவர்கள் அவ்விதியைத் தலைகீழாக்கினார்கள். கொழுப்புப் பூசிய பட்டுக் கயிற்றின் கனத்தினால் மூங்கிற் கோலை வளைத்து, அந்தக் கயிற்றின் விசையைக் கொண்டே இறகும் மயிரும் சுற்றிய கனமற்ற பொய் ஈயைச் செலுத்தும் ஒரு நுட்பமான வித்தையை வளர்த்தார்கள்.

1886-ல் மிதக்கும் ஈக்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிரெடெரிக் ஹால்ஃபோர்டும், அவர் வழி வந்தவர்களும், இவ்வித்தையை ஏறக்குறைய ஓர் ஆசாரமாகவே ஆக்கிவிட்டனர். மேற்பரப்பில் இரை கொள்ளும் மீனைக் கண்ட பிறகே, ஓட்டத்துக்கு எதிர்முகமாக, மிதக்கும் ஈயை மட்டுமே வீசவேண்டும் என்பது அவர்கள் நியமம். லண்டன் வக்கீலான ஸ்கூஸ் என்பவர் அதற்கு அடங்கவில்லை. சிறகு முளைத்து வெளிவருமுன் நீருக்குள் வாழும் நிம்ப் என்னும் இளம் பருவத்திலேயே டிரவுட் அப்பூச்சிகளை மிகுதியாக உண்கிறது என்று கண்டு, 1910-ஆம் ஆண்டிலேயே எழுதியும் விட்டார். 1938-ல் லண்டனில் ஈத்தூண்டிற்காரர் சங்கத்தில் நிம்பைப் போலக் கட்டிய பொய் ஈயால் மீன் பிடிப்பதன் தர்மாதர்மம் விவாதத்துக்கு வந்தபோது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. ஆயினும் ஸ்கூஸின் நிம்பில் உலோகப் பாரம் ஏதும் கிடையாது. நீர்ப்பரப்பின் கீழ் ஓர் அங்குலத்தில் அது உலவினால் அவருக்குப் போதுமானதாயிருந்தது.

பாரத்தை ஏற்றியவர் நூற்கல்வியால் அன்றி நதியோடு வாழ்ந்து தேறிய ஒருவர். 1906-ல் ஏவன் நதிக்கரையிலுள்ள புல்ஃபோர்டில் பிறந்து, ராணுவ அதிகாரிகளின் மீன்பிடிச் சங்கத்துக்காக அந்நதியைக் காவல் புரிந்த பிராங்க் சாயர், பாசியை அறுத்தும் சேற்றை வாரியும் பொழுதெல்லாம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தமையால், நீந்தும் நிம்ப் தன் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும் என்பதைக் கண்டார். ஆகவே அவர் கட்டிய ஈயில் கால்களே இல்லை; நூலுங்கூட இல்லை. மயிரிழை போன்ற செந்நிறச் செப்புக் கம்பியைக் கொக்கியில் சுற்றி, மார்புப் பாகத்தில் சற்றே புடைக்கச் செய்து, பெசன்ட் கோழியின் வால் இறகிலிருந்து சில இழைகளை எடுத்து, அவற்றின் நுனிகள் வாலாக நீட்டி நிற்கக் கட்டி, மீதியைக் கம்பியோடு முறுக்கிச் சுற்றினால் வேலை முடிந்தது. கட்டுவதும் அக்கம்பிதான், கனம் தருவதும் அக்கம்பிதான். நீர்ப்பரப்பைக் கிழித்து உள்ளே புகுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே பாரம். அதற்குமேல் ஒரு சுற்றும் இல்லை. இந்த மிதத்தையே நான் சாயரின் மேதைமை என்று கருதுகிறேன். மீன் அருகே நிம்ப் வந்ததும் கோல்நுனியை மெல்ல உயர்த்தி, அது மேலெழுந்து தப்புவதுபோல் காட்டி, மீனைக் கவ்வத் தூண்டும் உபாயத்தையும் 1958-ல் வெளியான தம் நூலில் விளக்கினார்.

கனமற்ற ஈக்குப் பழகிய கைக்கு இந்தச் சிறு கம்பியே பெரும் சோதனையாயிற்று. முன்பு கயிறு வளையமாய் விரிந்து நீள்கையில் ஈ பின்னால் சாதுவாய்த் தொடர்ந்தது. இப்போதோ கயிற்று நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றியதற்கு ஒப்பாக, பின்வீச்சின் முடிவில் ஈ தானே வெட்டி இழுக்கிறது. வீசுபவன் வழக்கம்போல் விறைப்பாக நிறுத்தி உடனே முன்னே அடித்தால், தொய்ந்த நூல் சிக்குகிறது. அல்லது கொக்கி கோலையோ அவன் செவியையோ வந்து தாக்குகிறது. ஆகவே பயில்வோன் முதலில் மறக்கவேண்டியது வேகத்தையும் குறுகிய வளையத்தையும். பக்கவாட்டில் தாழ்வாகப் பின்னே வீசி, இடையில் நிறுத்தாமலே கையை நீள்வட்டமாக மேலேற்றி, தலைக்கு மேலாக முன்னே செலுத்தினால், கயிறு ஒரு கணமும் தொய்வதில்லை. பெல்ஜிய வீச்சு என்று பெயர் பெற்றிருப்பது இதுவே. வெறும் வீச்சுகளை ஒன்றிரண்டாகக் குறைத்து, நீரின் பிடிப்பையே கோலை வளைக்கும் விசையாகக் கொள்வதும் இப்பயிற்சியைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் 1980-களில் பாரம் மேலும் மிகுந்தது. பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா நதியில் ஸ்மால்மௌத் பாஸ் மீனுக்காக பாப் க்ளௌசர் கட்டிய ஈயில், இருபுறமும் குண்டான ஈயக் கண்கள் ஏறின. கொக்கித் தண்டின் ஒரு பக்கத்தில் அக்கண்கள் கட்டப்படுவதால் ஈ தலைகீழாய்ப் புரண்டு, முள் மேல்நோக்கி நிற்கிறது. அடிப்பாறைகளில் எளிதில் மாட்டுவதில்லை. இதை வீசுபவர்கள் கயிற்றைப் பெரும்பாலும் இழுத்துச் சேர்த்து, ஈயை நீர்மட்டத்துக்குக் கொணர்ந்தபின், ஒரே பின்வீச்சில் எடுத்து, முன்வீச்சில் மிச்சக் கயிற்றையும் ஓடவிடுகிறார்கள்.