மேயர் தேர்தலில் வீழ்த்தியவரை சைதாப்பேட்டையில் தோற்கடித்த மா.சு.

சென்னை மாநகராட்சி கவுன்சிலராக இருந்து மந்திரியாக உயர்ந்தவர் தி.மு.க.வை சேர்ந்த மா.சுப்பிரமணியன். கட்சிக்காரர்களுக்கு மா.சு.

2006-ல் மேயரை தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள்தான். அப்போது மா.சு. மேயர் ஆனார். 2011-ல் பொதுமக்களே நேரடியாக ஓட்டு போடும் முறை திரும்ப வந்தது. அ.தி.மு.க. வேட்பாளர் சைதை துரைசாமியிடம் பல லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

ஆனாலும் மனுஷன் சளைக்கவில்லை. 2016-ல் சைதாப்பேட்டையில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். 2021-ல் அதே தொகுதியில் எதிரே நின்றவர் சைதை துரைசாமி! இந்த முறை ஜெயித்தது மா.சு.

அந்த ஆண்டு மே 7-ந்தேதி மக்கள் நல்வாழ்வுத்துறை மந்திரியாக பதவி ஏற்றார். கொரோனா 2-வது அலையில் ஆஸ்பத்திரி படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஜனங்கள் அல்லாடிய நேரம் அது.